டவருக்கு நாம் கிடைக்கிறோமா?

வைகை எக்ஸ்பிரஸ் விருத்தாசலத்தைத் தாண்டியிருந்தது. மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து மடிக்கணினித் திரைமேல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரி மாணவி. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை மடிக்கணினியோடு இணைத்து, இறுதியாண்டு ஆய்வறிக்கையைக் கல்லூரி இணையதளத்தில் ஏற்ற முயன்றுகொண்டிருந்தார். இரவு ஏழு மணியோடு கெடு முடிகிறது. கோப்பின் அளவு 40 மெகாபைட். பாதிவரை போகும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மூன்று முறை அப்படி ஆன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், உங்களுக்கு டவர் கிடைக்குதா?"

என் கைப்பேசியைப் பார்த்தேன். நான்கில் மூன்று கோடுகள். "கிடைக்குதேம்மா" என்றேன். அவர் தன்னுடையதைக் காட்டினார். அதிலும் மூன்று கோடுகள். சற்று முன்புதான் தம்பி அனுப்பிய வீடியோ ஒன்று தடையில்லாமல் ஓடி முடிந்திருந்தது.

"வர்றதெல்லாம் வருது சார். அனுப்புறதுதான் போகமாட்டேங்குது."

பயணத்தில் கைப்பேசியை வைத்து வேலை பார்க்கிற எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. அந்தப் பெண் தன்னையறியாமல் பிரச்சினையின் மையத்தையே சொல்லிவிட்டார். "டவர் கிடைக்கவில்லை" என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். பல நேரங்களில் டவர் நமக்கு நன்றாகவே கிடைக்கிறது. டவருக்குத்தான் நாம் கிடைப்பதில்லை.

200 மில்லிவாட்

செல்பேசிக் கோபுரம் ஒன்று, ஓர் அலைவரிசையில் ஏறத்தாழ 20 முதல் 40 வாட் வரையிலான திறனோடு அலைகளை வெளியிடும். சில இடங்களில் அதற்கும் மேல். அதற்கு மின்வாரிய இணைப்பு உண்டு. கரண்ட் போனால் பேட்டரி அடுக்கும் ஜெனரேட்டரும் உண்டு. நம் கையிலிருக்கும் 4ஜி கைப்பேசி அதிகபட்சம் 23 டெசிபெல் மில்லிவாட், அதாவது 200 மில்லிவாட் திறனோடுதான் அனுப்ப முடியும். ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. பேட்டரி தாங்க வேண்டும், நம் தலைக்கருகே வைத்துப் பேசுவதற்குப் பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும் என்பதால் இந்த வரம்பு.

40 வாட்டுக்கும் 200 மில்லிவாட்டுக்கும் உள்ள இடைவெளி 200 மடங்கு. கோபுரம் ஒலிபெருக்கியில் பேசுகிறது. கைப்பேசி காதோடு காதாகப் பதில் சொல்கிறது. திரையில் தெரிகிற கோடுகளோ ஒலிபெருக்கியின் சத்தம் நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. நம் குரல் அங்கே எப்படிக் கேட்கிறது என்று சொல்ல அந்தக் கோடுகளுக்கு வழியில்லை. எத்தனை கோடுகள் காட்டுவது என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோலும் கிடையாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் 'சிம் நிலை' என்ற பகுதிக்குள் போனால் உண்மையான எண்ணைப் பார்க்கலாம். மைனஸ் 85 டெசிபெல் மில்லிவாட் என்றிருந்தால் நல்ல நிலை. மைனஸ் 115 என்றிருந்தால் எல்லைக்கு வந்துவிட்டோம் என்று பொருள்.

அந்த எண்ணின் அளவை மனத்தில் வாங்கிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மைனஸ் 100 டெசிபெல் மில்லிவாட் என்பது ஒரு வாட்டை 10 லட்சம் கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. அந்தத் துளியிலிருந்துதான் கைப்பேசி நமக்கு ஒரு திரைப்படத்தையே எடுத்துக் கொடுக்கிறது. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகும். மரமும் கட்டடமும் மேடும் பள்ளமுமான நிலத்தில் இழப்பு இன்னும் கடுமை. பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடலாம்.

இந்த ஏற்றத்தாழ்வைப் பொறியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். கோபுரத்தின் ஏற்பிகளை மிகவும் நுட்பமானவையாக அமைக்கிறார்கள்; பல ஆன்டெனாக்களில் ஒரே நேரத்தில் கேட்டு, கேட்டதை ஒன்றுசேர்க்கிறார்கள். இன்னொரு வழியும் உண்டு. 4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசையை 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 100 துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கைப்பேசி பல துண்டுகளில் ஒரே நேரத்தில் அனுப்பலாம். எல்லையில் இருக்கும் கைப்பேசிக்கு ஒன்றிரண்டு துண்டுகளை மட்டுமே கோபுரம் ஒதுக்கும். 200 மில்லிவாட்டையும் அந்தக் குறுகிய இடத்திலேயே குவித்தால் குரல் எட்டிவிடும். ஆனால் வேகம் குறைந்துவிடும்.

வாட்ஸ்ஆப் செய்தி போய்ச் சேர்ந்து, கோப்பு மட்டும் நின்றுபோவது இதனால்தான். அந்தப் பெண்ணின் 40 மெகாபைட் என்பது 320 மெகாபிட். விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் கிடைத்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். விநாடிக்கு 200 கிலோபிட்தான் என்றால் 27 நிமிடம் ஆகும், அதுவும் ஒரு முறைகூட அறுபடாமல் இருந்தால். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலில் 27 நிமிடம் அறுபடாத இணைப்பு எளிதில் கிடைக்காது.

1946இல் தொடங்கிய சிக்கல்

இந்தப் பிரச்சினை கைப்பேசியைவிட வயதானது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1946 ஜூன் மாதம் கார்களுக்கான தொலைபேசிச் சேவை தொடங்கியது. காரில் வைத்த கருவியின் எடை ஏறத்தாழ 36 கிலோ. நகரம் முழுவதற்கும் ஒரே பெரிய ஒலிபரப்பி போதுமானதாக இருந்தது. அதன் குரல் எல்லாக் கார்களுக்கும் கேட்டது. ஆனால் காரிலிருந்து கிளம்பும் வலுக்குறைந்த குரல் அந்தக் கோபுரத்துக்குத் திரும்பி வரவில்லை. அதனால் நகரின் பல மூலைகளில் ஏற்பிகளை மட்டும் தனியாக நிறுவி, காரின் குரலை அவற்றின் வழியே சேகரித்தார்கள். 'வர்றதெல்லாம் வருது, அனுப்புறதுதான் போகல' என்பதற்கு அந்தக் காலத்திலேயே செய்த வைத்தியம் அது.

அடுத்த ஆண்டு, 1947 டிசம்பரில், பெல் ஆய்வுக்கூடத்தின் டக்ளஸ் ரிங் ஓர் உள்சுற்றுக் குறிப்பு எழுதினார். ஒரே பெரிய கோபுரத்துக்குப் பதிலாக நிலத்தைத் தேன்கூடு போல அறுகோணங்களாகப் பிரிப்போம்; ஒவ்வொரு அறைக்கும் ஒரு சிறிய கோபுரம் வைப்போம்; தள்ளித் தள்ளி இருக்கும் அறைகளில் ஒரே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோம் என்பது அதன் சாரம். 'செல்' என்ற பெயர் அந்த அறையிலிருந்து வந்ததுதான். நாம் தினமும் சொல்லும் 'செல்போன்' என்ற சொல்லுக்குள் அந்தத் தேன்கூடு இருக்கிறது. கோபுரம் பக்கத்தில் வந்தால் மெல்லிய குரலும் எட்டும் என்பது அதில் கிடைத்த பெரிய லாபம்.

யோசனை நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 1973 ஏப்ரல் 3 அன்று மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்று கையடக்கக் கருவியிலிருந்து முதல் அழைப்பைச் செய்தார். இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் முதல் செல்பேசி அழைப்பில் பேசினார். தலைமுறைகள் மாறின, 2022 அக்டோபரில் 5ஜியும் வந்தது. கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையிலான அந்த ஏற்றத்தாழ்வு மட்டும் அப்படியே இருக்கிறது.

கைமாறும் கணம்

நிலம் அறைகளாகப் பிரிந்ததும் புதிய கேள்வி ஒன்று எழுந்தது. பேசிக்கொண்டே ஒருவர் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போனால் என்ன ஆகும்? பேச்சு அறுபடாமல் ஒரு கோபுரம் இன்னொரு கோபுரத்திடம் அவரை ஒப்படைக்க வேண்டும். இதைத்தான் 'ஹேண்டோவர்' என்கிறார்கள். நாம் 'கைமாற்றம்' என்று சொல்லலாம். பெல் ஆய்வுக்கூடத்தின் ஏமஸ் ஜோயல் இதற்கான முறைக்கு 1972இல் காப்புரிமை பெற்றார்.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் விநாடிக்கு 30 மீட்டர் கடக்கிறது. ஒரு கோபுரத்தின் எல்லை 4 கிலோமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனதுமே அடுத்த கோபுரத்துக்கு மாற வேண்டும். சென்னை எழும்பூரிலிருந்து மதுரை வரை ஏறத்தாழ 490 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 120 தடவை கைமாற்றம். ஊர்களுக்குள் கோபுரங்கள் நெருக்கமாக இருக்கும். அங்கே இன்னும் அடிக்கடி.

ஒவ்வொரு முறையும் நடப்பது இது. பேசிக்கொண்டிருக்கும் கோபுரத்தோடு சுற்றியுள்ள கோபுரங்களின் வலிமையையும் கைப்பேசி இடைவிடாமல் அளக்கிறது. அண்டைக் கோபுரம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வலுவாகி, சிறிது நேரம் அப்படியே நீடித்தால் தன் கோபுரத்துக்குத் தகவல் அனுப்புகிறது. கோபுரம் அண்டைக் கோபுரத்திடம் இடம் கேட்டு வாங்கி, "அங்கே போ" என்று கைப்பேசிக்கு உத்தரவிடுகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இடைவெளி ஒரு விநாடியின் சிறு பகுதிதான். பேசுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் அந்தத் தகவலைச் சொல்ல வேண்டியதும் அதே 200 மில்லிவாட் குரல்தான். ரயில் வேகத்தில் பழைய கோபுரம் சட்டென்று பின்னால் போய்விடுகிறது. "என்னை மாற்றிவிடு" என்ற வேண்டுகோள் எட்டுவதற்குள்ளோ, "அங்கே போ" என்ற பதில் வருவதற்குள்ளோ தொடர்பு அறுந்தால், கைப்பேசி முதலிலிருந்து தேடத் தொடங்குகிறது. நாம் பார்க்கும் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் பல நேரம் இந்தத் தேடல்தான். அதோடு ரயிலில் நாம் தனியாக இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைப்பேசிகள் ஒரே நேரத்தில் ஒரே எல்லையைக் கடந்து, வயல்வெளிக்கு நடுவே நிற்கும் ஒரே கோபுரத்தின் கதவைத் தட்டுகின்றன. சுற்றியுள்ள இரண்டு மூன்று கிராமங்களுக்காக வைத்த கோபுரம் சில நிமிடங்களுக்கு ஒரு சிறுநகரத்தையே சுமக்க வேண்டியிருக்கிறது.

வேகமே அலையைக் கெடுத்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். டாப்ளர் விளைவு உண்மைதான். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உச்சமாகவும், கடந்து போனதும் தாழ்ந்தும் கேட்பதைப் போல வானொலி அலையின் அதிர்வெண்ணும் மாறும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 110 கிலோமீட்டர் வேகத்தில் 1800 மெகாஹெர்ட்ஸ் அலை மாறும் அளவு 183 ஹெர்ட்ஸ். 4ஜியின் துணை அலைகளுக்கு இடையே உள்ள இடைவெளி 15,000 ஹெர்ட்ஸ். நூற்றில் ஒரு பங்கை ஒட்டிய மாற்றம்தான். அதைக் கருவி தானே சரிசெய்துகொள்ளும். மணிக்கு 350 கிலோமீட்டர் ரயிலையும் மனத்தில் வைத்துத்தான் 4ஜியை வடிவமைத்தார்கள். நம் ரயிலின் வேகம் குற்றவாளி இல்லை. கோபுரங்களுக்கு இடையிலான தூரமும் நெரிசலும்தான் காரணம்.

இரும்புப் பெட்டிக்குள்

ரயில் பெட்டி ஓர் உலோகக் கூடு. வானொலி அலை உலோகத்தை ஊடுருவாது. ஜன்னல், கதவு, இணைப்பு வாசல் என்று திறப்புகள் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். அதைவிடப் பெரிய திறப்பு அதற்கு வாசல். திறந்த ஜன்னலோரம் நன்றாகக் கிடைக்கும் சிக்னல் பெட்டியின் நடுவே, மேல் பெர்த்தில் குறைந்துபோவது இதனால். வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சுக் கொடுத்த கண்ணாடி இன்னும் கடினம். அப்படிப்பட்ட கண்ணாடி 20 டெசிபெல்லுக்கு மேல் விழுங்கிவிடும். 20 டெசிபெல் என்றால் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். 200 மில்லிவாட்டாகக் கிளம்பிய குரல் வெளியே வரும்போது 2 மில்லிவாட்.

இதற்காக ஓடும் ரயிலின் வாசலில் நின்று கைப்பேசியை நீட்டுகிறவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது. எந்த மின்னஞ்சலும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது. ஜன்னலோர இருக்கை போதும்.

நிலமும் தன் பங்குக்குக் குறுக்கே நிற்கிறது. திருச்சியைத் தாண்டி அய்யலூர்ப் பக்கம் பாதை மலைகளுக்கு நடுவே வளைந்து போகிறது. கோடைரோடு பக்கம் சிறுமலை எழுந்து நிற்கிறது. அலைக்கு அந்தப் பாறையைச் சுற்றிவர முழுதாக முடியாது. குறைந்த அதிர்வெண் அலைகள், 700, 850 மெகாஹெர்ட்ஸ் போன்றவை, கொஞ்சம் வளைந்து எட்டும், தூரமும் தாங்கும். 5ஜியின் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அதிகத் தகவல் சுமக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். அதனால்தான் ஊருக்குள் 5ஜி என்று காட்டும் திரை, ஊர் தாண்டியதும் 4ஜி என்று இறங்கிவிடுகிறது.

தவறாகப் புரிந்துகொள்ளும் இணையம்

வானில் நடக்கும் இந்தப் போராட்டத்துக்கு மேல் இன்னோர் அடுக்கு இருக்கிறது. கைமாற்றத்தின்போது நம் இணைய முகவரி மாறாது. அது செல்பேசி நிறுவனத்தின் நுழைவாயில் கணினி ஒன்றில் நங்கூரமிட்டிருக்கும், கோபுரங்கள் எத்தனை மாறினாலும் சரி. அப்படியிருந்தும் பதிவேற்றம் ஏன் தவழ்கிறது?

1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே சுமார் 400 கஜ தூரம். அந்த இணைப்பின் வேகம் விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு வீழ்ந்தது. தகவல் தொலைந்ததும் எல்லாக் கணினிகளும் மீண்டும் மீண்டும் அனுப்பின. அந்த அனுப்பல்களே நெரிசலை இறுக்கின. கணினி ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988இல் ஒரு தீர்வை வெளியிட்டார். தகவல் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று புரிந்துகொள். உன் வேகத்தைச் சட்டென்று குறை. பிறகு மெல்ல மெல்லக் கூட்டு. அந்தப் பண்பாடுதான் இணையம் முழுவதும் முடங்காமல் காத்தது.

ஆனால் அந்த விதி கம்பிவழி உலகத்துக்காகப் பிறந்தது. ரயிலில் தகவல் தொலைவதற்குக் காரணம் நெரிசலாக இல்லாமல், கடந்து போன ஒரு மலையாகவும் இருக்கலாம். மடிக்கணினிக்கு அது தெரியாது. வழி திறந்த பிறகும் அது தயங்கித் தயங்கியே வேகத்தைக் கூட்டுகிறது. முழு வேகம் வருவதற்குள் அடுத்த இடைவெளி வந்துவிடுகிறது. 2021 மே மாதம் தரப்படுத்தப்பட்ட 'குயிக்' என்ற நெறிமுறை இதற்கு ஓரளவு மருந்து. ஒவ்வோர் உரையாடலுக்கும் அது தனி அடையாள எண் கொடுக்கிறது. வைஃபையிலிருந்து மொபைல் இணையத்துக்கு மாறி, முகவரியே மாறிப்போனாலும் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. பெரிய மேகச் சேமிப்புச் சேவைகள் கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றுவதால், அறுந்தால் அறுந்த துண்டு மட்டும் மறுபடி போகிறது. அந்தப் பெண்ணின் கல்லூரி இணையதளத்தில் அந்த வசதி இல்லை. 39 மெகாபைட் போன பிறகு அறுந்தாலும் முதலிலிருந்துதான்.

சட்டைப்பையில் ஓர் அஞ்சலகம்

ஹாட்ஸ்பாட்டை இயக்கிய கணத்தில் கைப்பேசி ஓர் அஞ்சலகமாக மாறுகிறது. வெளியுலகுக்கு அதற்கு ஒரே முகவரி. உள்ளே இணையும் மடிக்கணினிக்கு 192.168 என்று தொடங்குவது போன்ற ஓர் உள்முகவரியைக் கொடுத்து, போகும் ஒவ்வொரு கடிதத்தின் உறையையும் மாற்றி, வரும் பதிலை யாருடையது என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. இந்த வேலையோடு இரண்டு வானொலிகளையும் ஒரே நேரத்தில் இயக்குகிறது: கோபுரத்தோடு ஒன்று, மடிக்கணினியோடு ஒன்று.

மடிக்கணினியோடு பேசுவது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில். அங்கே ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான். ஒரே பெட்டியில் பத்துப் பேர் ஹாட்ஸ்பாட் வைத்தால், ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். கைப்பேசியில் 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதைவிட நல்லது யூஎஸ்பி கம்பி. கம்பியில் இணைத்தால் பெட்டிக்குள் நெரிசல் என்ற பேச்சே இல்லை; இரண்டாவது வானொலி ஓய்வெடுக்கிறது; மடிக்கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கொஞ்சம் சார்ஜும் ஏறுகிறது.

சார்ஜ் பயணத்தில் பெரிய செல்வம். 5000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றல். ஹாட்ஸ்பாட்டும் திரையும் சேர்ந்து 3 வாட் எடுத்தால் ஆறு மணி நேரத்தில் தீரும். வைகைப் பயணம் ஏழு மணி நேரத்துக்கு மேல். அதோடு கோபுரம் தொலைவில் இருக்கும்போது கைப்பேசி தன் குரலை உச்சத்துக்கு உயர்த்துகிறது. பக்கத்தில் இருக்கும்போது ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவாக அனுப்பும் கருவி, தொலைவில் 200 மில்லிவாட்டுக்கு ஏறுகிறது. அந்த 200ஐ உருவாக்க உள்ளே அதைப் போலப் பல மடங்கு மின்சாரம் செலவாகி, மிச்சம் வெப்பமாகிறது. சிக்னல் இல்லாத பாதையில் கைப்பேசி சும்மா இருந்தாலும் சூடாவதும், சார்ஜ் கரைவதும் இதனால்தான்.

அந்தச் சூட்டோடு ஜன்னல் வெயிலும் சேர்ந்தால் லித்தியம் அயனி பேட்டரியின் ஆயுள் குறையும். 35 டிகிரி வரையிலான சூழலுக்கென்றே பல கைப்பேசிகளை வடிவமைக்கிறார்கள். நம் சித்திரை வெயில் அதைத் தாண்டும். சூடு ஏறினால் கருவி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தையும் சார்ஜ் ஏறுவதையும் தானே குறைத்துக்கொள்ளும். நிழலில் வையுங்கள், தடித்த உறையைக் கழற்றிவிடுங்கள். இரவு ரயிலில் போகிறவர்களுக்கு இன்னொன்று: தீ விபத்தைத் தவிர்க்க, இரவு 11 முதல் காலை 5 மணி வரை பெட்டிகளின் சார்ஜிங் இணைப்பை நிறுத்தும் நடைமுறையை 2021இல் ரயில்வே செயல்படுத்தியது. படுக்கும் முன்பே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

ஒரே கருவி, இரண்டு வாழ்க்கை

நம் சொந்தக் கைப்பேசியிலேயே அலுவலகமும் இருக்கிறது. குழந்தையின் புகைப்படம், வங்கிச் செயலி, ஓடிபி, வாடிக்கையாளரின் கோப்பு எல்லாம் ஒரே கண்ணாடிக்குக் கீழே. இதை நினைத்தால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் 2014 முதலே 'வேலைச் சுயவிவரம்' என்ற தடுப்புச் சுவர் உண்டு. அலுவலகச் செயலிகள் தனி அறையில் இருக்கும். அலுவலகத்தால் நம் புகைப்படங்களைப் பார்க்க முடியாது, அந்த அறையை மட்டும் அழிக்க முடியும். அலுவலகத்திடம் கேட்டு அதைப் போட்டுக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

அடுத்த கவலை பொது வைஃபை. நாட்டின் 6,000க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களில் ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனம் தரும் வைஃபை இருக்கிறது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளோடு சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. நல்ல வசதி. ஆனால் அதே பெயரில் வேறொருவர் தன் மடிக்கணினியிலிருந்து ஒரு வைஃபையைப் பரப்பினால் நம் கருவிக்கு வேறுபாடு தெரியாது. இன்று பெரும்பாலான தளங்கள் தகவலைப் பூட்டியே அனுப்புவதால் உள்ளடக்கத்தை எளிதில் படிக்க முடியாது என்றாலும், எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தெரியக்கூடும். போலி நுழைவுப் பக்கம் காட்டிக் கடவுச்சொல்லையும் கறக்க முடியும். வங்கி வேலையும் அலுவலக வேலையும் நம் சிம்மின் இணையத்தில் செய்வதே மேல். பொது வைஃபையில் செய்தே தீர வேண்டுமென்றால் அலுவலகம் கொடுத்த விபிஎன் வழியாகச் செய்யுங்கள்.

பொது இடத்து யூஎஸ்பி துளையில் நேரடியாகக் கைப்பேசியைச் செருகாதீர்கள். யூஎஸ்பி கம்பியில் மின்சாரமும் தகவலும் சேர்ந்தே போகும். நம் சார்ஜரை மூன்று முனைத் துளையில் செருகினால் மின்சாரம் மட்டும் வரும்.

தொலைந்துபோவதுதான் எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது. புறப்படும் முன் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். தாளில் குறித்துப் பணப்பையில் வையுங்கள். தொலைந்தால் காவல்துறையில் புகார் கொடுத்துவிட்டு, 2023 மே மாதம் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' அரசுத் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், வேறு சிம் போட்டாலும் அந்தக் கருவி நாட்டின் எந்த வலையமைப்பிலும் இயங்காதபடி முடக்கிவிடலாம்.

வரும்போது தேக்குவது

வைகை என்ற பெயரைச் சுமந்த இந்த ரயிலில் போகும்போதெல்லாம் அந்த ஆற்றை நம்பி வாழ்ந்தவர்களை நினைப்பேன். ஆண்டு முழுதும் ஓடாத ஆறு அது. தண்ணீர் வருகிற சில நாட்களில் கால்வாய் வெட்டிக் கண்மாய்களில் தேக்கினார்கள். மீதி நாட்களில் கண்மாய்த் தண்ணீரில் வெள்ளாமை செய்தார்கள். ஆறு வறண்டிருக்கும் நாளில் கரையில் நின்று காத்திருக்கவில்லை.

பயண இணையத்தையும் அப்படித்தான் நடத்த வேண்டும். வீட்டில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரைப் போல அதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கிளம்பும் முன்பே தேவையான கோப்புகளையும் வரைபடத்தையும் இறக்கி வையுங்கள். இணைப்பு இல்லாமலேயே எழுதுங்கள், திருத்துங்கள், கணக்குப் பாருங்கள். மின்னஞ்சல்களை எழுதிப் 'புறப்பெட்டி'யில் சேர்த்து வையுங்கள். செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் என்று ரயில் நிற்கிற ஊர்களில் கோபுரம் பக்கத்தில் இருக்கும், கைமாற்றமும் இருக்காது. அனுப்ப வேண்டியதை அங்கே அனுப்புங்கள். இணையவழிக் கூட்டம் இருந்தால் வீடியோவை அணைத்துக் குரலை மட்டும் வையுங்கள். வீடியோ விநாடிக்கு ஒரு மெகாபிட்டுக்கு மேல் கேட்கும். தெளிவான குரலுக்கு 24 கிலோபிட் போதும். நம் கைப்பேசியின் மெல்லிய குரலால் தூக்க முடிந்த சுமை அதுதான். ஊர் வந்த பிறகும் கருவி பழைய கோபுரத்தையே பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றினால் விமானப் பயன்முறையை ஒரு முறை போட்டு எடுங்கள். அது புதிதாகத் தேடி நல்லதைப் பிடிக்கும்.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "இப்ப ஏத்தாதம்மா. இருக்கிற சார்ஜும் போயிடும். அறிக்கையில படங்கள் நிறைய இருக்கா?" என்று கேட்டேன். நிறைய இருந்தன, எல்லாம் கைப்பேசியில் எடுத்த முழு அளவுப் படங்கள். அரியலூரைத் தாண்டும்வரை இருவரும் உட்கார்ந்து அவற்றைச் சுருக்கினோம். அதற்கு இணையம் தேவைப்படவில்லை. 40 மெகாபைட் 6 ஆனது. படித்துப் பார்த்தார், எழுத்தோ படமோ எதுவும் மங்கவில்லை.

ஹாட்ஸ்பாட்டை அணைத்துக் கம்பியில் இணைத்தார். லால்குடி போனது. கொள்ளிடம் பாலம் தடதடத்தது. ஆற்று மணலில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சீரங்கத்துக் கோபுரம் தெரிந்து மறைந்து, காவிரியும் கடந்து, வண்டி திருச்சியில் நின்றது. விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தார். பொத்தானை அழுத்தினார். நடைமேடையில் டீ விற்பவர் எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போவதற்குள் திரையில் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது.

"போயிடுச்சு சார்."